குவாதலூப்பில் ரெண்டு வாண்டுகளோடு ஒரு கடற்கரை நாள்: எங்கே, எத்தனை மணிக்கு?

ரெட்டைவால்_அம்மா | ஜனவரி 9, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். இருக்கிறது பாரிஸ் பக்கம், சொந்த ஊர் திருச்சி. பிப்ரவரி பள்ளி விடுமுறைக்கு கரீபியன் கடல்ல இருக்கிற குவாதலூப் தீவுக்கு டிக்கெட் போட்டாச்சு. பொண்ணுக்கு 5 வயசு, பையனுக்கு ரெண்டே கால். கூட மாமியார் வர்றாங்க.

தீவைச் சுத்திப் பார்க்கிறதைப் பத்தி நான் கேட்கல. ஒரே ஒரு நாள், காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கடற்கரையில உருப்படியா கழிக்கணும், அவ்வளவுதான் ஆசை. எனக்கு நீச்சல் தெரியாது. கடல்னா எனக்கு வேளாங்கண்ணிதான். முழங்கால் தண்ணி தாண்டினா அப்பா கரையிலேர்ந்து கத்துவார். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. வீட்டுக்காரர் "மணல் இருக்கு, தண்ணி இருக்கு, இதுக்கு ஏன் ஆராய்ச்சி"ங்கிறார்.

எந்தக் கடற்கரை? எப்போ போகணும்? சாப்பாடு கட்டிக்கிட்டுப் போறதா? மாமியார் புடவையிலதான் வருவாங்க, உட்கார நிழல் கிடைக்குமா?

லாசப்பல்_வாசி | ஜனவரி 10, காலை 7:15

தங்கச்சி, நாங்கள் ரெண்டு தரம் போய் வந்தனாங்கள். முதல் தரம் விட்ட பிழையைச் சொல்லுறன், நீங்கள் விடாதேங்கோ.

ஆறுதலாய்ச் சாப்பிட்டு, சாமானெல்லாம் அடுக்கி, பதினொரு மணிக்குக் கடற்கரையில போய் இறங்கினம். கார் விட இடமில்லை. நிழல் இருந்த இடமெல்லாம் ஆக்கள். மணலில கால் வைக்கேலாது. சின்னவன் ஒரு மணித்தியாலம் அழுதான். நாங்கள் ஆளையாள் பேசிக்கொண்டு திரும்பி வந்திட்டம்.

குளிர்காலத்தில பாரிஸுக்கும் அங்கைக்கும் 5 மணித்தியாலம் வித்தியாசம். உங்கட பிள்ளையள் விடிய நாலு மணிக்கே எழும்பி நிப்பினம். அதோட மல்லுக்கட்டாதேங்கோ, அதை வைச்சே நாளை ஓட்டுங்கோ. ஆறரைக்கு விடியும். ஏழுக்குத் தண்ணிக்குள்ள நிக்கலாம். பத்தரைக்கு வெளிக்கிட வேணும். நாள் முழுக்கக் கடற்கரை எண்ட கதையை இப்பவே விடுங்கோ. பின்னேரம் நாலுக்கு வேணுமெண்டால் இன்னொருக்காப் போகலாம், ஆனால் ஆறேகாலுக்குள்ள பொழுதுபட்டிடும். இஞ்ச கோடையில பத்து மணிமட்டும் வெளிச்சம் நிக்கிற மாதிரி அங்க இல்லை.

இடம் எண்டால் சேந்த் ஆன் ஊருக்குள்ள இருக்கிற கடற்கரை. தூரத்தில பவளப்பாறை அலையை உடைச்சுப் போடும், கரைக்கு வாறது குளத்துத் தண்ணி மாதிரித்தான். கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். சாப்பாட்டுக் கடை, சந்தை எல்லாம் பக்கத்திலயே இருக்கு. அழகு பாக்கப் போனால் வேற கடற்கரை சொல்லுவன். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இதுதான்.

பாண்டி_பெரியவர் | ஜனவரி 10, பிற்பகல் 2:05

அம்மா, நான் 1980களில் நாலு வருஷம் அங்கே உத்தியோகத்தில் இருந்தவன். லாசப்பல்காரர் சொன்னதை ஆமோதிக்கிறேன். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால் நீங்களே இடம் பார்த்துக்கொள்ளலாம்.

வரைபடத்தில் அந்தத் தீவு பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த் தேர்: தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், வெள்ளை மணல், பவளப்பாறை. மேற்குச் சிறகு பாஸ் தேர்: எரிமலை, மழைக்காடு, பல இடங்களில் கறுத்த மணல். ரெண்டுக்கும் நடுவில் ஓடுவது ரிவியேர் சலே. நம் மொழியில் சொன்னால் உப்பாறு.

கறுப்பு மணல் படத்தில் நன்றாகத்தான் இருக்கும். பத்து மணிக்கு மேல் அது தோசைக்கல். செருப்பு இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

வருஷம் முழுக்கக் கிழக்கிலிருந்து காற்று வரும், அலீஸே என்பார்கள். அது ஒரு கள்ளன். உடம்பு குளுகுளுவென்று இருக்கும், வெயில் ஏறுவதே தெரியாது. இரவு சட்டையைக் கழற்றும்போதுதான் தோள் எரியும்.

இன்னொன்று, மரம். மான்சனியே என்று ஒரு மரம் கடற்கரை ஓரத்திலேயே வளரும். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம், நல்ல வாசனை. ஸ்பானியர்கள் அதற்கு வைத்த பெயர் 'சாவு ஆப்பிள்'. பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் இலையில் சொட்டுகிற தண்ணீரே போதும். பிச்சாவரம் பக்கம் தில்லை மரம் பார்த்திருப்பீர்களே, பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று சொல்வார்களே, அதே குடும்பம்தான் இது. பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இருக்காது. கீழே விழுந்த எந்தப் பழத்தையும் தொடக்கூடாது என்று பெண்ணிடம் விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். தென்னை மரத்தடியில் பாய் விரிக்கக் கூடாது என்று திருச்சிக்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மொன்ரியல்_மாமா | ஜனவரி 10, இரவு 9:30

இங்கேருந்து நேரா விமானம் இருக்கு, நாங்களும் மார்ச்சில் போறோம், அதனால இந்த இழையைப் பிடிச்சுக்கிறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன்: சன்ஸ்கிரீன் எல்லாம் வெள்ளைத்தோலுக்கு. நாம வெயில்லயே பிறந்தவங்க. பசங்களுக்கு நல்லெண்ணெயைத் தடவி விடுங்க, போதும்.

செவிலி_சுபா | ஜனவரி 10, இரவு 9:52

மாமா, எண்ணெய் தடவி வெயில்ல நிறுத்தினா அதுக்குப் பேரு வறுவல்.

கறுப்புத் தோலுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, நான் மறுக்கல. ஆனா அங்கே பகல்ல புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டும். பாரிஸ்ல குளிர்காலம் முழுக்க கோட்டுக்குள்ளே இருந்த குழந்தையை நேரா அதுல கொண்டுபோய் நிறுத்துறோம். நான் வேலை பார்க்கிற இடத்துல தோள்பட்டை உரிஞ்சு வந்த நம்ம பிள்ளைகளையே பார்த்திருக்கேன். முழுக்கைச் சட்டை, அதுதான் முதல். நீச்சலுக்குன்னே விக்கிறாங்க, நனைஞ்சாலும் சீக்கிரம் காயும். கழுத்து மறைக்கிற தொப்பி. மூக்கு, காது, பாதத்து மேல்பக்கம், முழங்காலுக்குப் பின்னாடி கிரீம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், தண்ணியிலேர்ந்து வெளியே வந்ததும் ஒருதரம். நெத்தியில மட்டும் போடாதீங்க. வேர்வையோட வழிஞ்சு கண்ணுக்குள்ள போகும், அதோட அன்னைக்குக் கடல் முடிஞ்சது.

ரெட்டைவால்_அம்மா | ஜனவரி 10, இரவு 10:10

சுபா, மாமியார் இங்கே பக்கத்துல உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்கிறாங்க. அவங்க கவலை வேற. "பொண்ணு கறுத்துப் போயிடுவா"ன்னு ஒரே புலம்பல். எரியறதைப் பத்திப் பேச்சே இல்லை.

செவிலி_சுபா | ஜனவரி 10, இரவு 10:14

கறுக்கிறதுக்குப் பயந்தாவது சட்டை போடட்டும். எனக்குச் சட்டைதான் முக்கியம், காரணம் என்னவா இருந்தா என்ன.

நாகை_துடுப்பு | ஜனவரி 11, காலை 6:20

நான் அந்தத் தீவுக்குப் போனதில்ல. ஆனா காத்துன்னு பேச்சு வந்ததால சொல்றேன், எங்க வீட்ல மூணு தலைமுறையா கடல்தான் சோறு.

காத்து வருஷம் முழுக்கக் கிழக்குலேர்ந்துன்னு பெரியவர் சொல்றார். அப்போ அந்தத் தீவோட மேற்குக் கரையில அது நிலத்துலேர்ந்து கடலுக்குத்தான் போகும். நம்ம கரையில கச்சான், அதாவது மேல்காத்து, அடிச்சா என்ன ஆகும்? கடல் எண்ணெய் ஊத்தினாப்பல அமைதியா இருக்கும், ஆனா மிதக்கிறதையெல்லாம் வெளியே இழுத்துட்டுப் போயிடும். அங்கே கொண்டல்ங்கிற கீழ்க்காத்து அந்த வேலையைச் செய்யும். பிள்ளைங்களுக்குக் காத்தடிச்ச வாத்து, முதலை, வளையம்னு வாங்கிக் கொடுப்பீங்க. அது பாய் மாதிரி காத்தைப் பிடிக்கும். பத்து எண்றதுக்குள்ள எட்டாத தூரம். அது பின்னாடி நீந்திப் போன அப்பன்தான் மூழ்குவான். மேற்குக் கரைக்குப் போற அன்னைக்கு அதை வண்டியிலயே வெச்சிட்டு இறங்குங்க. கையில மாட்டுற மிதவையும் உயிர்க்காப்பு இல்லை. கை எட்டுற தூரத்துல ஒரு ஆள் நிக்கணும். "நீ பாத்துக்க"ன்னு சொல்லிட்டுப் போறவங்க, "சரி"ன்னு பதில் வந்தப்புறம்தான் நகரணும்.

லாசப்பல்_வாசி | ஜனவரி 11, காலை 8:00

இதை ஆரும் எனக்கு முதலே சொல்லேல்லை. ஒரு பச்சை முதலை அத்திலாந்திக்கிலயோ கரீபியனிலயோ இப்பவும் திரியும்.

செவிலி_சுபா | ஜனவரி 11, காலை 8:40

விட்டுப்போன ஒண்ணு. பாஸ் தேர் பக்கம் எரிமலைச் சூட்டுல வெந்நீர் ஊத்துகள் இருக்கு, எல்லாரும் இறங்கி உட்கார்ந்திருப்பாங்க. குழந்தைங்க தலை அதுல முங்கவே கூடாது. மூக்கு வழியா மூளைக்குப் போற அமீபா அந்தத் தண்ணியில இருக்கலாம். 2008ல அங்கேயே ஒரு சிறுவன் அதுல இறந்திருக்கான். கடல் தண்ணியில அந்தப் பயம் இல்லை.

மொன்ரியல்_மாமா | ஜனவரி 11, பிற்பகல் 1:20

சாப்பாட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலியே. தயிர் சாதமா?

பாண்டி_பெரியவர் | ஜனவரி 11, பிற்பகல் 3:45

அந்தச் சூட்டுக்குத் தயிர் சாதம் புளித்துவிடும். பொக்கித் வாங்கிக் கொடுங்கள். எண்ணெயில் பொரித்த ரொட்டி, பட்டூராவை நடுவில் கீறிக் கோழியோ மீனோ அடைத்தது மாதிரி. பிள்ளைகளுக்கு வெறும் முட்டை, சீஸ் வைத்துத் தரச் சொல்லலாம். 'மிளகாய் வேண்டாம்' என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஊர் மிளகாய் குண்டாக, விளக்கு மாதிரி அழகாக இருக்கும், காரம் ஆந்திராவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெரியவர்களுக்குக் கொலொம்போ. அதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். மாமியாரிடம் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டோடு வேறு நாடுகளிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு: குவாதலூப் பிரான்ஸ்தான், யூரோதான், ஆனால் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாப் பகுதிக்குள் வராது. ஷெங்கன் விசா கையில் இருக்கிறதே என்று விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள்.

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 3, இரவு 11:20

வந்து ஒரு வாரமாச்சு. துணிப்பையிலேர்ந்து இன்னும் மணல் கொட்டுது. சொன்னவங்களுக்குக் கணக்கு ஒப்படைக்கணும் இல்லையா.

முதல்ல ஒரு வயித்தெரிச்சல். காசு கட்டிச் சொல்லி வெச்சிருந்த குழந்தை இருக்கை, வாடகை வண்டி எடுக்கப் போனா இல்லைன்னுட்டாங்க. பேர் சொல்லல. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, ஒரு காது உடைஞ்ச இருக்கையைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. பையன் அதுக்குள்ள விமான நிலையத் தரையை முழுக்கத் துடைச்சு முடிச்சுட்டான்.

சரி, கடற்கரை நாள். லாசப்பல் அண்ணா சொன்னது அச்சு அசல். 4:10க்கு ரெண்டும் எழுந்து "விடிஞ்சாச்சா"ன்னு ஆரம்பிச்சுட்டுதுங்க. நான் சண்டை போடாம ரவை வறுத்தேன். உப்புமாவை டப்பாவுல போட்டு, 6:50க்கு சேந்த் ஆன் கரையில இருந்தோம். கார் நிறுத்த தாராளமா இடம்.

நாங்கதான் முதல்ல வந்திருக்கோம்னு நினைச்சா, தண்ணிக்குள்ள ஏற்கெனவே பத்துப் பதினைஞ்சு பேர். எல்லாம் அந்த ஊர்ப் பெரியவங்க. நீச்சல் அடிக்கல. தொப்பி போட்டுக்கிட்டு கழுத்தளவு தண்ணியில நின்னு ஊர்க்கதை பேசிட்டிருக்காங்க. மாமியார் பார்த்துட்டு, "அட, நம்ம அம்மாமண்டபம் படித்துறை"ன்னாங்க. போறவங்க வர்றவங்க எல்லாம் போன்ஷூர் சொல்றாங்க. பாரிஸ் பழக்கத்துல நான் தலையைக் குனிஞ்சுட்டுப் போனேன். ஒரு பாட்டி நிறுத்தி, நான் திருப்பிச் சொல்ற வரைக்கும் சொன்னாங்க.

பையன் மணல்ல கால் வைக்க மாட்டேன்னுட்டான். சுத்தமா. கால் ரெண்டையும் வயித்தோட மடிச்சுக்கிட்டு இடுப்புலயே தொங்கினான். பாரிஸ்லேர்ந்து எட்டரை மணி நேரம் பறந்து வந்து பாய் மேலயே உட்கார்ந்திருக்கான்! முக்கால் மணி நேரம். நான் அழுதுடுவேன்னு நினைச்சேன். அப்போ ஒரு கூழைக்கடா வானத்துலேர்ந்து தலைகுப்புற, கல்லைப் போட்ட மாதிரி தண்ணிக்குள்ள விழுந்துச்சு. "பொத்!" பையன் எழுந்து நின்னான். இன்னொண்ணு விழுந்துச்சு. மணல், பயம் எல்லாம் மறந்து ஓடிப்போய் தண்ணி ஓரமா நின்னு "பொத்! பொத்!"னு கத்த ஆரம்பிச்சான். அதுக்கப்புறம் அவனை வெளியே எடுக்கிறதுதான் பாடு.

பொண்ணு வாளியை வெச்சுக்கிட்டு முட்டித் தண்ணியில உட்கார்ந்துட்டா. நானும். அப்புறம் மெதுவா இடுப்பு வரைக்கும் போனேன். அங்கே நின்னு பார்த்தா என் கால்விரல் பத்தும் தெரியுது, நகப்பூச்சு உட்பட. காதுல அப்பா குரல் கேட்கல, சத்தியமா. நாகை அண்ணன் சொன்ன மாதிரி நானும் வீட்டுக்காரரும் "இப்போ நீ", "சரி, இப்போ நான்"னு வாய்விட்டே சொல்லிக்கிட்டோம். முதல்ல நாடகம் மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழகிடுச்சு. சுபா பேச்சை மீறி நெத்தியில கிரீம் போட்டவர் வீட்டுக்காரர். பதினைஞ்சு நிமிஷம் கண்ணைத் திறக்கல.

ஒன்பதரைக்கு சோர்பே கொக்கோ, தேங்காய் ஐஸ். ஒரு அம்மா மரவாளி ஒண்ணுல கைப்பிடியைச் சுத்திக்கிட்டே இருக்காங்க. நடுவுல தகர உருளை, சுத்தி ஐஸும் கல்லுப்பும். தேங்காய்ப்பால், டின்பால், பட்டை, எலுமிச்சைத் தோல் வாசனை. கைப்பிடியைச் சுத்தப் பொண்ணுக்கும் ஒரு வாய்ப்பு கிடைச்சுது. பக்கத்துக் கடையில கட்டம் போட்ட துணி தொங்குது, பேரு 'மத்ராஸ்'. மாமியார் விலையைக் கேட்டுட்டு, "நம்மூர்ல லுங்கிக்கு இவ்வளவு யாரு கொடுப்பா"ன்னு தமிழ்லயே சொல்லிட்டு வந்துட்டாங்க.

பத்து மணிக்குக் காத்து ஏறுச்சு. பக்கத்துக் குடும்பத்தோட குடை பிடுங்கிக்கிட்டு உருண்டுச்சு, நல்லவேளை யார் மேலயும் படல. 10:20க்குக் கிளம்பிட்டோம். எங்க இடத்துக்கு மூணு வண்டி காத்திருந்துச்சு.

மணல் உதற ஒரு வழி: காலைத் துடைக்காம முதல்ல காய விட்டு, குட்டிக்கூரா பவுடரைத் தூவித் தேய்ச்சா மொத்தமும் உதிர்ந்துடும். மாமியார் பெட்டியில இருந்த பவுடருக்கு இப்படி ஒரு மரியாதை.

மேற்கே மலாந்தூருக்கு இன்னொரு நாள் போனோம். காட்டுக்குள்ள போற சாலை வளைவுல பொண்ணு ரெண்டு தரம் வாந்தி. கரையிலேர்ந்து பார்க்கிறப்பவே ஆமைத்தலை மேலே வந்து மூச்சு விட்டுட்டுப் போகுது. கண்ணாடி அடிப் படகுல போனோம். மணல் பெரியவர் சொன்ன தோசைக்கல்தான். கிழக்குக் கரையில ஒரு இடத்துல பழுப்புப் பாசி குவிஞ்சு அழுகின முட்டை நாத்தம். சர்காசம்னாங்க. பொண்ணு "தம்பிதான்"ன்னு சொல்லிட்டா. இறங்காம வண்டியைத் திருப்பிட்டோம்.

பாண்டி_பெரியவர் | மார்ச் 4, காலை 9:10

எல்லாம் சரி. கொலொம்போ?

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 4, பிற்பகல் 12:30

வேணும்னேதான் விட்டேன், நீங்க கேட்பீங்கன்னு! அன்னைக்கு மதியம் கோழிக் கொலொம்போ வாங்கிட்டு வந்தோம். மூடியைத் திறந்ததும் மாமியார், "இது குழம்பு வாசனையாச்சே"ன்னாங்க. மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு எல்லாம் இருக்கு. ஒரு வாய் சாப்பிட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "யாரு இவங்களுக்கு இதைக் கத்துக் கொடுத்தது"ன்னு கேட்டாங்க.

லாசப்பல்_வாசி | மார்ச் 4, பிற்பகல் 1:05

அது கொழும்பு எண்ட பேர்தான். எங்கட தூள் அங்க போயிருக்கு.

பாண்டி_பெரியவர் | மார்ச் 4, பிற்பகல் 4:20

கொழும்பு என்று சொல்பவர்களும் உண்டு, சண்டைக்கு வரவில்லை. ஆனால் குழம்பு என்பதுதான் எனக்குப் பொருந்துகிறது, ஏனென்றால் போனவர்கள் பெரும்பாலும் எங்கள் பக்கத்துக்காரர்கள். அடிமை முறை 1848இல் ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24இல் ஒரேலி என்ற கப்பல் புவாந்த் ஆ பித்ர் துறைமுகத்தில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஏறியவர்கள் ஏராளம். அங்கே முத்துசாமி 'முத்துஸ்ஸாமி', சிதம்பரம் 'சிதம்பரோம்'. கப்பெஸ்தேர் ஊரைச் சேர்ந்த ஆன்றி சிதம்பரோம், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கேட்டு 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. அதே ஊரில் ஷான்ஜி என்ற இடத்தில் வண்ணம் பூசிய கோயில் ஒன்று சாலையிலிருந்தே தெரியும். மாரியம்மனை மாலியேமென் என்பார்கள். மொழி போய்விட்டது, அம்மனும் குழம்பும் நின்றுவிட்டன.

அங்கே என் அலுவலகத்தில் சிதம்பரோம் என்ற பெயர்க்காரர் ஒருவர் ஒருமுறை என்னிடம் தன் பெயருக்கு அர்த்தம் கேட்டார். ஊர்ப் பெயர், தில்லை மரங்கள் இருந்த ஊர் என்றேன். 'மான்சனியே மாதிரியா?' என்று சிரித்தார்.

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 4, இரவு 10:50

ஐயா, இதை மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். அந்த சோர்பே அம்மாவோட கடைப் பலகையிலயும் 'சாமி'ன்னு முடியற பேர் இருந்ததாம். எழுத்துக் கூட்டிப் படிச்சாங்களாம். "அப்பவே சொல்லியிருந்தா நாலு வார்த்தை பேசியிருப்பேனே"ன்னு இப்போ என்மேல கோவம். எந்த மொழியிலன்னு நான் கேட்கல.

கொலொம்போ தூள் நாலு பொட்டலம் வாங்கிட்டு வந்திருக்காங்க. நேத்து அதுல கத்திரிக்கா போட்டு, புளி கரைச்சு ஊத்தினாங்க. புளி இல்லாததுதான் அதுல குறையாம்.

மொன்ரியல்_மாமா | மார்ச் 5, காலை 5:40

எங்களுக்கு 20ஆம் தேதி விமானம். அந்தக் குழந்தை இருக்கையை அங்கே வாடகைக்கு எடுக்கலாமா, இங்கேருந்து தூக்கிட்டுப் போயிடவா?

ரெட்டைவால்_அம்மா | மார்ச் 5, காலை 7:02

தூக்கிட்டுப் போங்க மாமா. நல்லெண்ணெயை வீட்ல வெச்சிடுங்க.